கடைமடை வரை

வைகைக் கரை வைத்தியம் – 14

சென்ற வாரம் ‘மதுரைக் கால்’ நோயைப் பார்த்தோம். 1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த ராணுவ மருத்துவர் ஜான் கில், பாதம் வீங்கி, துளை துளையாகப் புரையோடி வந்தவர்களைப் பற்றி எழுதிவைத்தார். கோபுரமும் மல்லிகையும் இருக்க, நம் ஊரின் பெயர் உலக மருத்துவப் புத்தகங்களில் ஏறியது புண்பட்ட ஒரு பாதத்தின் தயவில். 1860-ல் பம்பாயிலிருந்து வான்டைக் கார்ட்டர் அதைப் பூஞ்சை நோய் என்று அடையாளம் காட்டினார். காரணம் தெரிந்தும் வைத்தியம் மாறவில்லை. வெறுங்காலில் முள் தைக்கும், பூஞ்சை உள்ளே போகும், வருஷக்கணக்கில் வளரும், கடைசியில் காலை எடுப்பார்கள்.

இந்த வாரமும் கால்தான். முள்ளில் தொடங்கிக் கத்தியில் முடிகிற அதே கதை. ஆனால் நடுவில் வருவது பூஞ்சை இல்லை, அடைபட்ட ரத்தக்குழாய். அந்த அடைப்பைக் கத்தியில்லாமல் திறக்கலாம் என்று ஒருவர் காட்டி அறுபது வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு மதுரையிலேயே தொடையில் ஓர் ஊசித் துளை போட்டு, கம்பியை விட்டு, பலூனை ஊதி, வலைக்குழாயான ஸ்டென்டை வைத்து அனுப்புகிறார்கள். அது இங்கே வந்து சேர்ந்த வழியைச் சொல்வதற்கு முன், அடைப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

இதயத்திலிருந்து இறங்கும் மகாதமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து காலுக்கு ஒன்றாகப் போகிறது. இடுப்பு, தொடை, முழங்காலின் பின்பக்கம் என்று இறங்கி, அதற்குக் கீழே மூன்றாகப் பிரிந்து பாதத்துக்கு வருகிறது. பேரணையில் திறந்த பெரியாற்றுத் தண்ணீர் கள்ளந்திரி தாண்டி மேலூர்க் கடைமடைக்கு வருவதுபோலத்தான். வழியில் எங்கே அடைத்தாலும் முதலில் காய்வது கடைசி வயல்; காலில் அது விரல் நுனி. பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் சேர்ந்து குழாயின் உள்சுவரில் படிவை ஏற்றிக்கொண்டே போகின்றன.

இது சத்தம் போட்டு வருகிற நோய் இல்லை. உசிலம்பட்டிச் சந்தைக்கு எப்போதும் நடந்து போகிறவருக்குப் பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால், ஏறத்தாழ அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். வாயு என்பார்கள், வயசு என்பார்கள், தைலம் தேய்ப்பார்கள். நின்றால் விட்டுப்போகிற வலிக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? அடுத்த கட்டத்தில் ராத்திரி படுத்தால் பாதம் எரியும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால் கொஞ்சம் தேவலை; ரத்தம் தானாகக் கீழே இறங்குவதால் கிடைக்கிற சுகம் அது. அதற்கடுத்த கட்டம் ஆறாத புண், கறுத்த விரல்.

சர்க்கரை நோயாளிக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை. கால் நரம்பு முன்பே மரத்துப்போயிருக்கும். செருப்புக்குள் சீமைக்கருவேல முள் ஏறியதே தெரியாமல் நாள் முழுக்க வயலில் நிற்பவர்கள் உண்டு. வலி இல்லாததால் புண்ணைப் பார்ப்பதில்லை. ரத்தம் இல்லாததால் புண் ஆறுவதில்லை.

ஒற்றைக் காலில் நின்று ஆடினால் வலிக்குமே என்று ராஜசேகர பாண்டியன் கவலைப்பட்டுக் கேட்க, கால் மாற்றி ஆடிய கூத்தன் வெள்ளியம்பலத்தில் நிற்கிற ஊர் இது. சாமியின் கால்வலிக்கே இரங்கிய ஊரில், மனுஷர் கால்வலியை வைத்தியத்துக்குரிய விஷயமாக எடுத்துக்கொள்ள நமக்கு ரொம்ப நாள் ஆனது.

மருத்துவர்களுக்கும் வெகுகாலம் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. காலின் அடைப்பைச் சுற்றி, நோயாளியின் சொந்தச் சிரை ஒன்றையே மாற்றுப் பாதையாகத் தைக்கும் பைபாஸை 1948-ல் பாரீஸில் ஜான் குன்லின் செய்துகாட்டினார். அது பெரிய அறுவை. தேர்ந்த கை வேண்டும், தாங்குகிற உடம்பும் வேண்டும். நம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் அதைவிட அதிகம் பேசப்பட்டது வேறொரு அறுவை. இடுப்புப் பகுதியில் ரத்தக்குழாயைச் சுருங்கவைக்கும் நரம்பை வெட்டிவிடுவது. தோலுக்குக் கொஞ்சம் சூடு வரும், வலி குறையும். அடைப்பு அப்படியே இருக்கும். அது பெரும்பாலும் இளவயது ஆண்களுக்குச் செய்யப்பட்டது. நியூயார்க்கின் லியோ பர்கர் 1908-ல் விவரித்து, அவர் பெயராலேயே வழங்கும் நோய் அவர்களுக்கு. புகையிலை இல்லாமல் இந்த நோய் இல்லை என்றே சொல்லலாம். முப்பது, நாற்பது வயதில் முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று படிப்படியாக இழந்துவிட்டு, மிச்சமிருக்கும் விரல்களுக்கு இடையே பீடியோடு உட்கார்ந்திருப்பவர்களை அந்தக் கால அறுவை வார்டுகள் நன்றாக அறியும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையைக் கால் வரை இழுத்துவந்து புது ரத்தம் ஊற வைக்கும் அறுவையைக்கூட நம் நாட்டுச் சர்ஜன்கள் செய்து பார்த்தார்கள்.

இப்போது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குப் போவோம். போர்ட்லண்ட் நகரின் மருத்துவப் பள்ளியில் சார்லஸ் டாட்டர் என்று ஓர் எக்ஸ்ரே டாக்டர் இருந்தார். 32 வயதிலேயே துறைத்தலைவர் ஆனவர். மலையேறுபவர், வாயாடி, எதையும் தன் கையால் செய்து பார்க்கிறவர். கிடார் கம்பி, காரின் ஸ்பீடாமீட்டர் கேபிள் எல்லாம் அவர் கையில் ரத்தக்குழாய்க்குள் போகும் கம்பியாக மாறும். 1963-ல் ஒரு நோயாளிக்குப் படம் எடுப்பதற்காகக் குழாயை உள்ளே செலுத்தியபோது, இடுப்புத் தமனியில் இருந்த அடைப்பை அது தானாகவே துளைத்துக்கொண்டு போய்விட்டது. வேறொருவராக இருந்தால் ‘நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டிருப்பார். டாட்டர் அதைப் பிடித்துக்கொண்டார். அதே வருஷம் செக்கோஸ்லோவாகியாவில் நடந்த மாநாட்டில், இந்தக் குழாய் கத்தியின் வேலையையே செய்யும் என்று பேசினார். சிகாகோவில் ஒரு மருத்துவக் கண்காட்சியில் பில் குக் என்ற இளைஞர் ஊதுவிளக்கும் டெஃப்லான் குழாயுமாகக் கடை விரித்திருந்தார். அவரிடம் ஊதுவிளக்கை இரவல் வாங்கிப்போய், ராத்திரியோடு ராத்திரியாகப் பத்துக் குழாய்கள் செய்து மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார் டாட்டர். பின்னால் உலகம் முழுக்க ஸ்டென்ட் விற்கப்போகும் ஒரு பெரிய நிறுவனம் அந்தக் கடையிலிருந்துதான் வளர்ந்தது.

1964 ஜனவரி 16. நோயாளி லாரா ஷா என்ற 82 வயது மூதாட்டி. பாதத்தில் ஆறாத புண், விரல்கள் அழுக ஆரம்பித்துவிட்டன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள் சர்ஜன்கள். முடியவே முடியாது என்றார் பாட்டி. வேறு வழியில்லாமல் டாட்டரிடம் அனுப்பினார்கள். தொடைத் தமனியில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் சுருக்கம். மெல்லிய கம்பியை அதற்குள் விட்டு, அதன்மேல் ஒரு குழாய், அதன்மேல் இன்னும் பருத்த குழாய் என்று ஏற்றி அந்த இடத்தை விரித்தார் டாட்டர். சில நிமிஷ வேலை. பாதம் சூடானது. ஒரு வாரத்தில் வலி போனது, புண் ஆறத் தொடங்கியது. ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து வேறு நோயால் இறக்கும்வரை அவர் சொந்தக் காலில்தான் நடந்தார்.

உலகின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டி இதுதான். இதயத்தில் அல்ல, காலில்! ‘இதயத்துக்கு வைக்கிறதைக் காலுக்கும் வைக்கிறாங்களாமே’ என்று நம்மவர்கள் இன்று ஆச்சரியப்படுகிறார்கள். வரலாறு தலைகீழ்.

சொந்த ஊரில் டாட்டருக்கு மரியாதை கிடைக்கவில்லை. ‘கிறுக்கன் சார்லி’ என்று பெயர் வைத்தார்கள். அடைப்பைப் படம் எடுக்க நோயாளியை அனுப்பும் சர்ஜன் ஒருவர், பார்ப்பதோடு நிறுத்திக்கொள், சரிசெய்ய முயலாதே என்று படிவத்திலேயே எழுதி அனுப்பியதாக ஒரு கதை இந்தத் துறையில் இன்றும் சொல்லப்படுகிறது. கத்தி பிடிப்பவருக்கும் கம்பி பிடிப்பவருக்கும் இடையிலான அந்தப் பகை முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். விரித்த இடம் மறுபடி சுருங்காமல் தாங்க உள்ளே ஒரு கம்பிச்சுருள் வைத்தால் என்ன என்று 1969-ல் நாய்களின் காலில் சோதித்து எழுதியவரும் டாட்டர்தான். ஸ்டென்டின் விதை அது.

மரியாதை ஐரோப்பாவில் கிடைத்தது. ஜெர்மனியின் எபர்ஹார்ட் சைட்லர் டாட்டர் முறையைக் கைக்கொண்டார். அவரிடம் பார்த்துக் கற்ற ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் மனைவி, உதவியாளர் சகிதம் பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டியும் காய்ச்சியும் ஊதினால் உருளையாகவே நிற்கும் பலூனைச் செய்தார். 1974 பிப்ரவரியில் அதை முதலில் பயன்படுத்தியதும் ஒரு நோயாளியின் காலில். 1977 செப்டம்பரில்தான் இதயத்துக்குப் போனார். அன்றோடு கால் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. உலகம் முழுக்க இதயத்தின் பின்னால் ஓடியது.

குருன்ட்சிக்கின் பேச்சை நியூ ஆர்லியன்ஸில் கேட்டவர்களில் ஹூலியோ பால்மாஸ் என்ற அர்ஜென்டினாக்காரர் ஒருவர். பலூனை எடுத்ததும் குழாய் மறுபடி சுருங்கிக்கொள்கிறதே, உள்ளே ஒரு சாரம் கட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தன் வீட்டு கராஜில், சுவர்ப்பூச்சுக்கு அடியில் வைக்கும் துளையிட்ட இரும்புத் தகடு ஒன்று கிடந்ததைப் பார்த்தார். இழுத்தால் துளைகள் சாய்சதுரமாக விரிந்து, விரிந்தபடியே நிற்கும் தகடு. கொத்தனார் விட்டுப்போன சாமான்! அதிலிருந்து பிறந்த ஸ்டென்டுக்கு உணவகத் தொழிலதிபர் ஃபில் ரொமானோ பணம் போட்டார். 1987-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் அது முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைக்கப்பட்டது. எங்கே? காலுக்குப் போகும் இடுப்புத் தமனியில்! 1991-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததும் அதே இடுப்புத் தமனிக்குத்தான். இதயத்துக்கான அனுமதி 1994-ல் வந்தது.

இந்தியாவுக்கு இந்தக் கலை இதயத்தின் வழியாக வந்தது. அட்லான்டாவில் குருன்ட்சிக்கிடமே பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1980-களின் நடுவில் இங்கே இதய ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கிவைத்தார்; சென்னையை இருப்பிடமாகக் கொண்டு பணியாற்றி, 2025 ஏப்ரலில் காலமானார். ஸ்டென்டுகள் இறக்குமதியாகிக்கொண்டிருந்த காலத்தில், உள்நாட்டிலேயே மலிவாகச் செய்ய முடியும் என்று இறங்கியவர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். 1990-களில் ஐதராபாத்தின் இதய நிபுணர் சோமராஜுவோடு சேர்ந்து அவர் செய்தது ‘கலாம்-ராஜு ஸ்டென்ட்’. அதுவும் இதயத்துக்குத்தான். காலுக்குக் கலாம் செய்தது வேறு. போலியோ தாக்கிய குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, ஏவுகணைக்குப் பயன்படும் பொருளில் 300 கிராமுக்கு ஒன்று செய்துகொடுத்தார்.

இதயத்துக்குச் சரியான ஸ்டென்ட் காலுக்கும் சரி என்று நினைத்தவர்கள் பட்டுத் தெளிந்தார்கள். தொடைத் தமனி சும்மா இருக்கிற குழாய் இல்லை. உட்கார்ந்தால் மடங்கும், நடந்தால் முறுக்கிக்கொள்ளும், நீளும், குறுகும். சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, குத்தவைத்து நாற்று நடுகிற உடம்புக்குள் எஃகுக் குழாயை வைத்தால் அது நசுங்கும். அப்போது கைகொடுத்தது நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியக் கலவை. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த உலோகம். குளிரில் சுருக்கி வைத்தாலும் உடம்புச் சூட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்பும், நசுக்கினாலும் மீண்டுவிடும். வியன்னாவில் 104 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், தொடைத் தமனிக்கு முதலில் பலூன் மட்டும் செய்யத் திட்டமிட்டவர்களில் 63 சதவீதத்தினருக்கு ஒரு வருஷத்தில் மறுபடி சுருங்கியது. நிட்டினால் ஸ்டென்ட் வைத்தவர்களில் 37 சதவீதத்தினருக்கு. முன்னேற்றம்தான். ஆனால் மூன்றில் ஒருவருக்கு மேல் மறுபடி அடைக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிட்டினாலும் உடைந்தது; எக்ஸ்ரேயில் முறிந்த ஸ்டென்டுகளைப் பார்த்து மருத்துவர்கள் திடுக்கிட்டார்கள். மருந்து பூசிய ஸ்டென்ட், மருந்து பூசிய பலூன் என்று அடுத்தடுத்து வந்தன. முழங்கால் மடிப்பில் கூடுமானவரை ஸ்டென்ட் வைப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே குழாய் சிறுத்துவிடுவதால் பெரும்பாலும் பலூனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இடத்துக்கென்று, வேலை முடிந்ததும் உடம்பிலேயே கரைந்துபோகும் சாரம் ஒன்றை 2024-ல் அமெரிக்கா அனுமதித்திருக்கிறது.

பர்கர் நோய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அடைப்பு பெரும்பாலும் சின்னக் குழாய்களில். ஸ்டென்ட் அங்கே நிற்காது. பீடியை அடியோடு விட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கால் தப்பியிருக்கிறது. விடாதவர்களுக்கு எந்தக் கருவியும் உதவியதில்லை.

கத்தியா கம்பியா என்ற பழைய சண்டைக்கு வருவோம். 1,830 நோயாளிகளைக் கொண்டு 2022-ல் வெளியான பெரிய ஆய்வு, நல்ல சொந்தச் சிரை இருப்பவருக்கு பைபாஸே மேல் என்றது. 345 பேரைக் கொண்டு 2023-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புக்கு முதலில் கம்பி வழியே போவதுதான் நல்லது என்றது. ஒன்றுக்கொன்று எதிராகத் தெரியும். என் பார்வையில் இரண்டும் சொல்வது, ஆளைப் பார்த்து முடிவு செய் என்பதைத்தான். ஒரே வழியை மட்டும் கையில் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி அந்த வழியைத்தான் சிபாரிசு செய்யும். நோயாளி இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மதுரைக்கு வருவோம். எர்ஸ்கின் பிரபு பெயரில் தொடங்கி, ராஜாஜி பெயருக்கு மாறிய பனகல் சாலை அரசு மருத்துவமனைக்கு மதுரை மட்டுமின்றி விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஒரு காலத்தில் ரத்தக்குழாய் வைத்தியம் என்றால் சென்னை, வேலூர், திருவனந்தபுரம் என்று ரயில் ஏற வேண்டும். இன்று அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவே இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளிலும் வசதி உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் காலின் ரத்தக்குழாய்ச் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் கால்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றது. அதில் தமிழ்நாடு பின்தங்கியில்லை. உணர்விழந்த பாதத்தை எப்படிக் காப்பது என்று உலகுக்குக் கற்றுக்கொடுத்ததே நம் மாநிலம்தான். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் கால் அழுகுவது நோயினால் அல்ல, வலி தெரியாமல் படும் காயங்களால் என்று கண்டு, மெத்தென்ற செருப்பைத் தந்தார். பிற்பாடு அமெரிக்கா போய் அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் சொன்னார். அந்தச் செருப்பு இன்று நம் சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேர் காலில் இருக்கிறது?

பணம் இன்னொரு பக்கம். டெல்லி வழக்கறிஞர் பிரேந்தர் சங்வான் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு போட்டது. சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய். லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய். நாடே கொண்டாடியது. அந்த ஆணை இதய ஸ்டென்டுக்கு மட்டும். கால் ஸ்டென்டுக்கும் பலூனுக்கும் அப்படி ஒரு வரம்பு இல்லை. எந்த மருத்துவக் கருவிக்கும் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையேற்றக் கூடாது என்று 2020 ஏப்ரல் முதல் உள்ள பொது விதி மட்டும்தான் காவல். காலில் பிறந்த கருவிக்கு இதயத்தில் ஒரு நியாயம், காலில் வேறொரு நியாயம். காலை இழந்த கூலிக்காரருக்கு வருமானமும் சேர்ந்தே போகிறது என்பதை நினைத்தால், இந்த வரம்பைக் காலுக்கும் நீட்டுவதுதான் முறை.

காப்பீட்டு அட்டையால் வாங்க முடியாதது ஒன்று உண்டு, நேரம். திடீரென்று ரத்தக்கட்டி அடைத்துக் கால் சில்லிட்டு வெளுத்தால், ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் கெடு. மெதுவாக அடைக்கும் நோய்க்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தும், புண்ணுக்குப் பச்சிலை, பொடி, மருந்துக்கடை மாத்திரை என்று சுற்றி, நாற்றம் எடுத்த பிறகு வருகிறார்கள். அப்போது குழாயைத் திறந்தாலும் காப்பாற்ற அங்கே சதை இருக்காது. ஸ்டென்ட் வைத்து நன்றாக நடந்து போனவர், காசை மிச்சம் பிடிக்க மாத்திரையை நிறுத்திவிட்டு, அடைத்த ஸ்டென்டோடு திரும்பி வருவதும் நடக்கிறது.

ஆகவே வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். வீட்டில் சர்க்கரையோ பீடியோ உள்ள பெரியவர் இருந்தால், தினம் ஒருமுறை அவர் பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு வரை பாருங்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது என்று சொன்னால், பாதத்து நாடியையும் கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்காத, செலவில்லாத சோதனை. சர்க்கரைக்காரர் காலில் காயம் பட்டால், சின்னதுதானே என்று காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். ‘காலை எடுக்கணும்’ என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டினால், உயிருக்கு அந்த நிமிஷமே ஆபத்து என்றால் தவிர, போடுவதற்கு முன் கேளுங்கள்: ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்த்தாயிற்றா, திறக்க வழி உண்டா என்று ரத்தக்குழாய் நிபுணர் பார்த்தாரா?

(தொடரும்)